ஃபேன் பாக்கியும் ஞாயிற்றுக்கிழமை ரயிலும்

ஆயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். மல்லாங்கிணறு தவணைக்காரர் சிவபாண்டிக்குச் செல்லச்சாமி கொடுக்க வேண்டிய பாக்கி அது. சித்திரை வெயிலில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஸ்டாண்டு ஃபேன் ஒன்றைத் தவணைக்கு எடுத்தார். ஆனி வரைக்கும் ஒழுங்காகத்தான் கட்டினார். அதற்குள் மகள் மாரிசெல்விக்குக் காலேஜ் ஃபீஸ் வந்துவிட்டது. தவணை நின்றுபோனது. ஃபேன் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியது என்றால் சும்மா ஓடவில்லை. தடக் தடக், தடக் தடக் என்று பாலத்தில் ஏறிய சரக்கு ரயில் மாதிரி ஓடியது. அந்தச் சத்தத்தில் குருவம்மாளுக்குத் தூக்கம் பிடிக்காது. செல்லச்சாமிக்கோ அந்தச் சத்தம் நின்றால் முழிப்பு வந்துவிடும்.

ஏனென்றால் அவருக்கு ரயில் பைத்தியம். வாரத்தில் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து கலக்குகிற வேலை. விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அதன் பிறகு போர்மேன் சத்தம், லோடு ஏற்ற வந்தவன் சத்தம், கணக்குப்பிள்ளை சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் எவனும் "ஏலே செல்லச்சாமி" என்று கூப்பிடாத ஓர் இடத்தில் அவர் உட்கார முடியும். எதிரே ஒரு ரயில் போக வேண்டும், அவ்வளவுதான். அதில் ஏறி எங்கேயும் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை கிடையாது. அம்புட்டு எடை, அம்புட்டு வேகம், அம்புட்டு சத்தம், அதில் தான் தூக்க வேண்டியது எதுவுமே இல்லை என்பதைப் பார்க்கப் பார்க்க உடம்பு வலி குறைகிற மாதிரி இருக்கும்.

அந்த ஒரு காலைப் பொழுதுக்குத்தான் சிவபாண்டி வேட்டு வைத்தார்.

முதலில் காலனியை ஒட்டிய ரயில்வே கேட். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டுத் திண்டு உண்டு. செல்லச்சாமி உட்காரும் இடம் அதுதான். தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு எங்கேயும் நிழல் கிடையாது. ஆனால் மல்லாங்கிணற்றிலிருந்து வசூலுக்கு வரும் சிவபாண்டியின் மொபெட்டும் அந்த வழியாகத்தான் காலனிக்குள் வர வேண்டும். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் கேட் விழுந்தது. மொபெட் திண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"செல்லச்சாமி அண்ணே, நல்லா இருக்கீகளா?"

செல்லச்சாமி திண்டிலிருந்து பாதி எழுந்தார். "இருக்கேன் அண்ணாச்சி."

"இந்த ரயிலைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, நடுரோட்டுல நிப்பாட்டி வச்சிருவேன். ஒரு நாளைக்கு என் பொழப்புல பாதி இந்தக் கம்பிக்கு முன்னாடியே போகுது. சரி, நம்ம பாக்கி..."

அந்த நேரம் பார்த்து செங்கோட்டை பாசஞ்சர் வந்தது. சிவபாண்டி பேசிக்கொண்டேதான் இருந்தார். வாய் அசைந்தது, கை அசைந்தது, மூன்று விரலை நீட்டித் தவணை கட்டி மூன்று வாரம் ஆயிற்று என்றார். செல்லச்சாமி ரயிலையும் பார்த்துக்கொண்டு, மரியாதைக்குத் தலையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி தாண்டியது, கேட் தூக்கியது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கே சிவபாண்டியின் மொபெட் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் திரும்பி வந்தபோது திண்டில் வேப்பம்பழம்தான் கிடந்தது.

அந்த இடம் அத்தோடு போயிற்று.

அடுத்த ஞாயிறு செல்லச்சாமி விருதுநகர் ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் ஏறினார். மதுரைப் பக்கம், நெல்லைப் பக்கம், செங்கோட்டைப் பக்கம், மானாமதுரைப் பக்கம் என்று நாலு பக்கத்துத் தண்டவாளமும் கீழே விரிந்து கிடக்கும். மேலே நின்றால் ரயில் கண்ணுக்கு எதிரே போகாது, காலுக்குக் கீழே போகும். அதில் ஒரு தனி மிதப்பு. இங்கே எவன் வந்து தேடப்போகிறான் என்று கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தார்.

"இம்புட்டு படியா ஏறுவீக, அண்ணே?"

மூச்சு வாங்கிக்கொண்டு சிவபாண்டி நின்றார். செல்லச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சீக?"

சிவபாண்டி கைப்பிடியைக் காட்டினார். படி தொடங்கின இடத்திலிருந்து செல்லச்சாமி நிற்கிற இடம் வரைக்கும் நீல பெயிண்டின் மேல் வெள்ளி வெள்ளியாக விரல் தடம். பூச்சட்டி மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, கல்லில் உரசிக் கழுவினாலும் ரேகைக்குள் கிடப்பது கிடக்கும். கொஞ்சம் வேர்த்தால் போதும், வெளியே வந்துவிடும்.

"கீழ சைக்கிள் ஹேண்டில்பார்ல பாத்தேன். பெறகு படியில. கல்யாண வீட்டுக்கு வழி காட்டுற மாதிரி அம்புக்குறி போட்டு வச்சிருக்கீக. சரி, நம்ம பாக்கி..."

அந்த நேரம் நெல்லைப் பக்கமிருந்து வந்தே பாரத் வந்தது. சிவபாண்டி பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, மூக்கு இப்படி இருக்கு?"

"காத்தைக் கிளிச்சுக்கிட்டுப் போகணும்ல அண்ணாச்சி."

"எந்திரம் எங்கன இருக்கு?"

"தனியா கெடையாது. பெட்டிக்கு அடியிலயே இருக்கு."

சிவபாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய் அதன் வால் மறைகிற வரைக்கும் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் கண்டிப்பா கொடுத்துரணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து செல்லச்சாமி இதைச் சொன்னதும் குருவம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள் அவள். அவள் கையில் இப்படி எதுவும் ஒட்டாது.

"நாந்தான் சொன்னேன்."

"என்னன்னு?"

"'அவரு எங்க போனாருன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி, தொட்ட எடமெல்லாம் மினுங்கும், பாத்துக்கிட்டே போங்க'ன்னு சொன்னேன். வீட்டுல ஒரு டம்ளர் பாக்கி இருக்கா உங்க கை படாம? கதவு மினுங்குது, சுவிட்சு மினுங்குது. நீங்க ஒளியிறதுக்குன்னு பொறந்த ஆளே கெடையாது."

மூன்றாவது ஞாயிறு செல்லச்சாமி உஷாராகிவிட்டார். மாரிசெல்வியின் பழைய சாக்ஸ் இரண்டைக் கையில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வத்தல் குடோன்களுக்குப் பின்னால் ஒரு இடிந்த மதில் உண்டு. அங்கிருந்து பார்த்தால் சரக்கு ரயில் ஊர்ந்து போவது பெட்டி பெட்டியாகத் தெரியும். எக்ஸ்பிரஸ் கண்ணுக்குள் நிற்பதற்குள் போய்விடும், சரக்கு ரயில்தான் ஆற அமரப் பார்க்கக் கொடுக்கும். ஒரே ஒரு குறை, காற்று குடோன் பக்கமிருந்து திரும்பினால் மிளகாய் நெடி மூக்கைப் பிய்த்துவிடும்.

அன்றைக்குக் காற்று திரும்பியது. செல்லச்சாமி அடக்கிப் பார்த்தார். சாக்ஸ் மாட்டிய கையால் மூக்கைப் பொத்தினார். அதில் வேறு வத்தல் தூள் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. தும்மல் ஒன்றல்ல, சரவெடி மாதிரி தொடர்ச்சியாக வெடித்தது. நின்ற ஒரு நொடியில் மதிலுக்கு அந்தப் பக்கம் வேறொரு தும்மல் கேட்டது.

"அண்ணே... நீங்களா?"

"நான்தான் அண்ணாச்சி. வாங்க."

சிவபாண்டி கண்ணீரோடு மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். செல்லச்சாமியின் கையைப் பார்த்தார். "ரயிலு தெரியிற எடமாத் தேடிக்கிட்டே வந்தேன். கையுறையா? எனக்குப் பயந்தா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தும்மினார். தூத்துக்குடியிலிருந்து நிலக்கரி ஏற்றின வண்டி மெதுவாக வந்தது. இருவரும் கல்லில் உட்கார்ந்தார்கள். இத்தனை கரியும் எங்கே போகிறது, முன்னால் ஒரு இன்ஜின் இருக்கையில் பின்னால் இன்னொன்று எதற்கு, கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்கிறவருக்குப் பொழுது எப்படிப் போகும் என்று சிவபாண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததற்குச் செல்லச்சாமி பதில் சொன்னார், தெரியாததற்குத் தோதாக ஒன்றைச் சொன்னார்.

வண்டி போனதும் சிவபாண்டி மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்து முக்கு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"பாக்கியைக் கேக்க மறந்துட்டேன்."

"அடுத்த வாரம் அண்ணாச்சி."

"ம். சரி."

நான்காவது ஞாயிறு செல்லச்சாமி சூலக்கரை தாண்டிப் போனார். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓடை மேல் சின்னப் பாலம், அதன் மேல் தண்டவாளம். எதிர்த்த மேட்டில் ஒரு பாறை. ரயில் வருவது அரை மைலுக்கு முன்பே தெரியும், போவதும் அதே தூரத்துக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த இடங்களிலேயே இதுதான் உசத்தி. கையைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, சைக்கிளைக் கருவேலத்துக்குள் தள்ளி மறைத்துவிட்டு மேட்டில் ஏறினார்.

பாறையில் சிவபாண்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வடைப் பொட்டலம்.

"வாங்க அண்ணே. இங்கன வராம எங்க போவீகன்னு பாத்தேன். ஒண்ணு போயிருச்சு, அடுத்தது வரணும். வடை சாப்பிடுங்க. கையில என்ன, பையைக் களட்டிட்டுச் சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு ஒளிவதில் அர்த்தம் இல்லை. ஆவணி, புரட்டாசி முழுக்க ஞாயிறு தோறும் அந்தப் பாறையில் இரண்டு பேர். சிவபாண்டி ஒருநாள் மனதைத் திறந்து சொன்னார். "எங்க ஊருக்கு ரயிலே கெடையாதுண்ணே. நான் பாத்ததெல்லாம் மூடின கேட்டு. அதுக்கு அந்தப் பக்கம் என்ன போகுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. கடிகாரத்தைத்தான் பாப்பேன்." கிளம்பும்போது மட்டும், கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி ஒரு வழக்கம். "பாக்கி?" என்பார். "அடுத்த வாரம்" என்பார் செல்லச்சாமி.

தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் போனஸ் போட்டார்கள். குருவம்மாள் மற்ற செலவுக்கு முந்தி ஆயிரத்து முந்நூற்று எழுபதை எண்ணித் தனியாக முடிந்து செல்லச்சாமியின் பையில் வைத்தாள்.

"இந்தா பாருங்க. குடுக்க வக்கில்லாமத் தவணைக்காரருக்குப் பின்னாடியே சுத்துறாருன்னு தெருவுல பேசுறாக. இன்னைக்குத் தவணை அட்டையில கோடு போட்டு, முடிஞ்சதுன்னு எளுதி வாங்கிட்டு வரணும். இல்லைன்னா ஃபேனைத் தூக்கி அவருகிட்டயே குடுத்துருவேன். ரயிலு பாக்கவும் போகக்கூடாது."

சொன்னால் செய்கிறவள். செல்லச்சாமி பாறைக்குப் போனதும் முடிச்சை எடுத்து நீட்டினார்.

சிவபாண்டி அதைப் பார்த்துப் பாம்பைக் கண்டவர் மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அஷ்டமிண்ணே. வாங்கக் கூடாது."

"நேத்தே போயிருச்சு அண்ணாச்சி."

"அட்டையைக் கொண்டுவரல."

"சட்டைப் பையில நீட்டிக்கிட்டு இருக்கு."

சிவபாண்டி அட்டையை உள்ளே தள்ளினார். "என்ன அவசரம்? நான் கேட்டேனா? தீவாளிச் செலவு எம்புட்டு இருக்கும் உங்களுக்கு. பொங்கலுக்குப் பாத்துக்கிருவோம்."

"வாரம் தவறாமக் கேட்டீகளே."

"அது கேக்கணும்ல. கேக்காம எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

செல்லச்சாமிக்குப் புரியவில்லை. குருவம்மாள் சொன்னதைச் சொல்லி, இன்றைக்கு முடிக்காவிட்டால் தனக்கு ரயிலே கிடையாது என்றார். சிவபாண்டி தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முடிச்சா எனக்குக் கெடையாதுண்ணே."

"ஏன்?"

"இந்த ரெண்டு மாசத்துல எல்லாரும் தவணையைப் போன்லயே போட ஆரம்பிச்சுட்டாக. நேர்ல போய் வாங்க வேண்டிய ஆளு இந்த விருதுநகர்ல நீங்க ஒருத்தர்தான். பட்டன் போனு வச்சிருக்கீக. வீட்டுல அவகிட்ட 'செல்லச்சாமி பாக்கி, விட்டா ஏமாத்திருவான்'னு சொல்லிட்டுத்தான் வாரேன். நீங்க குடுத்துட்டா அடுத்த ஞாயித்துக்கெளமை ஆட்டுக்குத் தளை வெட்டணும், மாமனார் வீட்டுக் கெணத்துக்கு மோட்டார் பாக்கணும்."

"ஏமாத்திருவான்னா சொல்றீக?"

"உங்க பேரைக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. வேற வளி தெரியல."

இரண்டு பேர் தலையிலும் கத்தி தொங்கியது. கொடுக்காவிட்டால் இவருக்கு ரயில் இல்லை, வாங்கினால் அவருக்கு ரயில் இல்லை. தூரத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸ் புள்ளியாகத் தெரிந்தது. செல்லச்சாமி அதன் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். தடக் தடக், தடக் தடக்.

"அண்ணாச்சி, அந்த ஃபேனுக்குக் கேரண்டி இருக்கா?"

"ஒரு வருசம். எதுக்குக் கேக்கீக?"

"ஆடுது. சத்தம் போடுது. குருவம்மாளுக்குத் தூக்கமே இல்ல."

"அய்யய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒரு திருகாணிதான் லூசாயிருக்கும். அஞ்சு நிமிசத்துல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசத்துல முடியாதுண்ணே" என்றார், குரலை மாற்றி. "அது பெரிய கோளாறு. நான் நேர்ல வந்துதான் பாக்கணும்."

"ஒரு தடவை பாத்தாச் சரியாகுமா?"

"எப்படி ஆகும்? வாரம் ஒரு தடவையாச்சும் வந்து பாத்தாத்தான் உண்டு. கேரண்டி இருக்கையில வராம இருந்தா நாளைக்கு எவன் எங்கிட்டப் பொருளு வாங்குவான்? வீட்டுல அவளே தள்ளி விட்டுருவா."

ரயில் பாலத்தில் ஏறியது. கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகு சிவபாண்டி முடிச்சை வாங்கிப் பிரித்தார். நோட்டுக்கு நோட்டு வெள்ளி விரல் பதிந்திருந்தது. எண்ணாமலேயே பைக்குள் வைத்துக்கொண்டு, அட்டையின் குறுக்கே கோடு போட்டு 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் இரண்டு பேருமாகக் காலனிக்கு வந்தார்கள். குருவம்மாள் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சிவபாண்டி மொபெட்டின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து, ஃபேனுக்குப் பின்னால் குனிந்து, எதையும் தொடாமல் நிமிர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, சரியாகுமா?"

"ஆகும்மா. சித்திரை வரைக்கும் ஞாயித்துக்கெளமை ஞாயித்துக்கெளமை வரணும். அண்ணனும் கூட இருந்தாகன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

குருவம்மாள் ஃபேனைப் பார்த்தாள், திருப்புளியைப் பார்த்தாள், எங்கோ பார்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள்.

"எப்படியோ போங்க ரெண்டு பேரும். கடன் முடிஞ்சுபோச்சுல்ல."