மாப்பிள்ளை சொன்ன ஆட்டம்

பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஆடுகிறது என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது என் சைக்கிள் கடைக்கு வந்து நிற்கிறார்கள். மிதிக்காமல் சும்மா சுற்றவிட்டால் அது லேசாக ஆடத்தான் செய்யும்; வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இதையே இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. அதனால் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை வந்து அதே பாட்டைப் பாடியபோது, வேறொரு சக்கரத்துக்குக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்த நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எல்லா வண்டியும் அப்படித்தான் ஆடும், மாப்பிள்ளை. பேசாம ஓட்டுங்க."

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் அந்த வண்டியில்தான் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

இன்று மதியம் மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

"அப்பா, சக்கரத்தைக் கையால தொட்டுப் பாத்தீங்களா?"

"தொடணுமா? கேட்டாலே தெரியாதா எனக்கு?"

"அவரு பாலத்து இறக்கம் வந்தா இறங்கித் தள்ளிட்டுப் போறாரு. பயமா இருக்காம். பார்சல் எல்லாம் லேட்டு. இன்னொரு தடவை லேட்டானா வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க."

"வேற கடையில காட்ட வேண்டியதுதானே?"

"மாமனார் கடை இருக்கும்போது வேற கடைக்குப் போனா உங்களுக்கு மரியாதையான்னு கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினேன். பல்சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், ஆடியது. பற்கள் தேயவில்லை. பிறகு ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தேன். 'டக்' என்றது.

நட்டு தளர்ந்திருக்கும் என்று நினைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். குழாய் மாதிரி இருக்கும் அச்சுக்குள் ஓடும் இறுக்குக் கம்பியை உருவியதும், அச்சு இரண்டு துண்டாகப் பக்கத்துக்கு ஒன்றாக வந்தது. உடைந்த இடத்தில் துரு. நேற்று இன்று உடைந்ததில்லை. இத்தனை நாளும் அந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது, பென்சில் பருமன்கூட இல்லாத அந்தக் கம்பி ஒன்றுதான்.

ரிம்மை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை. அதைச் செய்ய எனக்கு அலுப்பு.

புது அச்சு, புது பேரிங் குண்டுகள், கிரீஸ் எல்லாம் போட்டுப் பூட்டினேன். உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியையும் உருட்டியபடி தெருமுனைக்குப் போனேன். மகளும் பின்னாலேயே வந்தாள். மாப்பிள்ளை துண்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நான்தான் சரியா எடுத்துச் சொல்லல போல, மாமா."

"ரெண்டு தடவையும் சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல."

தப்பு செய்தவர் மாதிரி அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இனிமே பாலத்துல தள்ளாம ஓட்டிட்டே போலாமா, மாமா?"

போகலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனிதர் என் ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையா என்று மகள் கத்தினாள். முழங்கால் வலிக்க, மூச்சிரைக்க, அங்கிருந்தே தெரிந்த பாலத்தின் உச்சிவரை மிதித்தேன். இறக்கம் நான் நினைத்திருந்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன்.