அடம்பு போன மணல்

மூன்றாவது தடவையும் குழி சரிந்தது. இடுப்பளவு தோண்டியிருந்த கலந்தர், முழங்கால்வரை மூடிய மணலிலிருந்து கால்களை உருவிக்கொண்டு மண்வெட்டியை மேலே போட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் சொல்லியாகிவிட்டது. வீட்டில் சித்தீக்கின் வாப்பாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியிருந்தார்கள்.

“நிக்க மாட்டேங்குது தம்பி,” என்றார் கலந்தர்.

சித்தீக் மண்வெட்டியை எடுத்து ஓரமாக வைத்தான். முப்பது வருஷமாக இந்தக் கடற்கரை ஊருக்குக் கபுர் வெட்டுகிறவர் அவர். இந்த மேட்டில் ஆறடி இறங்கினாலும் சுவர் அசையாது என்று பெருமையடித்துக்கொள்கிறவர். இன்று அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட சித்தீக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருஷம் ஜமாஅத் செயலாளரானதும் அவன் செய்த முதல் காரியம், கபுருஸ்தானைச் சுத்தம் பண்ணியது. காடாகக் கிடக்கிறதே, வெளியூர்க்காரர்கள் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஜேசிபியைக் கொண்டுவந்தான். கபுர்களைத் தொடாமல் கடல்பக்கத்து முகட்டை வழித்தாயிற்று. மணலை இறுக்கிப் பிடித்திருந்த அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் வேரோடு போயின. ஊர் மெச்சியது. கும்பகோணத்துச் சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையிலேயே மணல் ஊரத் தொடங்கியது. பெய்த மழையின் ஈரமும் மேலே தங்கவில்லை.

வேண்டாம் என்றது வாப்பா ஜெக்கரியா ஒருவர்தான். ஜேசிபிக்கு முன்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“கொடி இருந்தாத்தான்டா மேடு. புடுங்கிட்டா வெறும் மணலு.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போங்க வாப்பா.”

இருபது பேருக்கு நடுவில் சொன்னான். யாரோ சிரித்தார்கள். அவர் போய்விட்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் உம்மாவின் கபுருக்கு ஓத வந்தாலும் வாசல் கதவோடு நின்றுகொண்டார். சித்தீக் அதைப் பார்த்தான், ஒருநாளும் கூப்பிடவில்லை.

வயல்பக்கத்துக் களிமண் கெட்டியாக இருக்கிறது, அங்கே வெட்டிவிடலாமா என்று கேட்டார் கலந்தர்.

“உம்மா பக்கத்துலதான் வைக்கணும்னு வாப்பா கேட்டாங்க,” என்றான் சித்தீக். “அது ஒண்ணுதான் கேட்டாங்க.”

கலந்தர் பள்ளிவாசலிலிருந்து பலகைகளை எடுத்துவரச் சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், வேறு வழியில்லை. குழியை அகலமாக்கி, மூன்று பக்கமும் பலகை வைத்து, வெளியே முளையடித்துக் கட்டினார்கள். கிழக்குப் பக்கம் உம்மாவின் கபுர். அதன்மேல் முளையடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் கலந்தர். அந்தப் பலகையை யாராவது உள்ளே நின்று தாங்கித்தான் ஆகவேண்டும். சித்தீக் இறங்கினான். முதுகையும் இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் கொடுத்து நின்றான். பின்னால் மணல் அழுத்தியது. பலகை இடுக்கு வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

வாப்பாவைச் சுமந்த சந்தூக் வந்தது. மேலிருந்து ஒருவர், மகன்தான் தலைமாட்டை வாங்க வேண்டும் என்றார். வாப்பாவுக்கு அவன் ஒரே மகன்.

“அவன் குனிஞ்சா மணலு இறங்கிடும். நான் வாங்கிக்கிறேன்,” என்றார் கலந்தர்.

வாப்பா அவன் முகத்துக்கு எதிரே இறங்கினார். கபனிலிருந்து கற்பூர வாசனை வந்தது. கையை எடுத்து நீட்டினால் தொட்டுவிடலாம். எடுத்தால் உம்மாவின் மண்ணும் சேர்ந்து சரியும். மன்னித்துவிடுங்கள் வாப்பா என்று சொல்ல வாய் திறந்தான். அன்றைய அதே இருபது பேரும் மேலே நின்றிருந்தார்கள். சத்தம் வரவில்லை.

கலந்தர் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தார். பிறகு வழக்கப்படி வாப்பாவின் முகத்தை மேற்கே திருப்பி வைத்தார்.

சித்தீக் கிழக்கே நின்றிருந்தான்.