ரெண்டு நெட்டு உள்ள வீடு

கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் வேலாயுதன் வீட்டில் இன்டர்நெட்டு ரெண்டு. கீழே அவருக்கு, எல்லை தாண்டி களியக்காவிளைப் பக்கத்திலிருந்து இழுத்த தமிழ்நாட்டு கேபிள். மாடியில் மகன் ஷிஜுவுக்கு பாறசாலை கனெக்‌ஷன். எது உசத்தி என்று அப்பனுக்கும் மகனுக்கும் தீராத சண்டை. செத்தாலும் ஒருத்தர் நெட்டை மற்றவர் தொடமாட்டாராம். நல்ல கூத்து!

நடுவில் மாட்டிக்கொண்டவள் மருமகள் ஷீனா. மாடியில் அவளும் ஷிஜுவும் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் அவள், பேர் மட்டும் அவனுக்கு. கல்யாண வீட்டார் வந்தால் படத்தைக் கீழே டிவியில் போட்டுக் காட்டவேண்டும்; பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு டிவிக்கும் மாடிக்குமாய் நடந்து அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு போன மாசம் பென்டிரைவ் பழுதாகி, வந்தவர்கள் முன்னால் டிவி கறுப்பாய் நின்றது.

"நெய்யாற்றின்கரையிலேருந்து ஆளைக் கூப்பிடுவோம். இனி கம்ப்யூட்டர் காரியமெல்லாம் அவன் பாக்கட்டு" என்றான் ஷிஜு.

ஷீனாவுக்குச் சுருக்கென்றது. "ஆளும் வேண்டாம் கீளும் வேண்டாம். நான் செய்யுதேன். நடக்கலேன்னா கூப்பிடுங்க, நான் அடுக்களையோட இருந்துக்கிடுதேன்."

உள்ளங்கையளவு குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டி, டிவிக்குப் பக்கத்தில் வைத்து, அங்கே கிடந்த நெட்டு வயரைச் செருகி, எல்லாருக்கும் பொதுவாய் ஒரு ஃபோல்டர் போட்டாள். மாடியிலிருந்து வீடியோவை அதில் போட்டால் டிவி நேராக எடுத்துக்கொள்ளும். டிவியில் ஃபோல்டர் பளிச்சென்று வந்தது. மாடியில் வரவேயில்லை. பேரைச் சரிபார்த்தாள், அழித்துத் திரும்பவும் போட்டாள். ஊஹூம். சாயங்காலம் ஆரியங்கோட்டுப் பொண்ணு வீட்டார் தங்கள் கல்யாண வீடியோவைப் பார்க்க வந்துவிடுவார்கள். அவளுக்கு அழுகையே வந்தது.

அந்த நேரம் பார்த்து மழையில் மாடி நெட்டு போனது. ஷிஜு "போச்சு!" என்று கத்த, கீழே வேலாயுதன் சிரித்தார். "எனக்க நெட்டு ஓடுது மக்கா! தமிழ்நாட்டு நெட்டாக்கும்!"

ஷீனா தலையில் அடித்துக்கொண்டாள். அட, மண்டூகமே! குட்டிக் கம்ப்யூட்டர் மாமா நெட்டில், மாடிக் கம்ப்யூட்டர் இவர் நெட்டில். ஒன்றை ஒன்று எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஓடிப்போய் மாமாவிடம் பாஸ்வேர்டு கேட்டாள். "அவன் வந்து கேக்கட்டு" என்றார்.

"நானா?" என்று ஷிஜு மேலே விறைத்துக்கொண்டு நின்றான்.

"உங்க ரெண்டு பேருக்க வீறாப்புக்கும் எனக்க வேலையா கெடைச்சுது?" ஷீனா போட்ட சத்தத்தில் ஷிஜு படியிறங்கிவிட்டான். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டான். வேலாயுதன் ஒவ்வொரு எழுத்தாய், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மாடிக் கம்ப்யூட்டரை அந்த நெட்டில் சேர்த்ததும் ஃபோல்டர் வந்து நின்றது.

சாயங்காலம் படம் ஓடியது. பொண்ணோட அம்மா ஜெயபாய், "தாலி கட்டுத இடத்தில பாட்டுச் சத்தம் கூடுதல்" என்றாள். ஷீனா மாடிக்குப் போய்க் குறைத்தாள். ஜெயபாய் காப்பி குடித்து முடிப்பதற்குள், திருத்திய படம் கீழே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

"பென்டிரைவ் ஒண்ணும் கொண்டுவரலியே! யாரு செஞ்ச ஏற்பாடு இது?" என்றாள் ஜெயபாய்.

வேலாயுதன் "எனக்க நெட்டு..." என்று ஆரம்பித்தார். ஷிஜு முந்திக்கொண்டான்.

"எனக்க பொண்டாட்டி. இது மட்டுமில்ல, இந்த வீடியோ முழுக்க அவ செஞ்சதுதான்."

"அதே. எங்க ஷீனாவாக்கும்!" என்றார் வேலாயுதன். அப்பனும் மகனும் ஒரே வாயாய்ப் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

மாடிப்படியில் நின்ற ஷீனாவுக்கு மனசு பூரித்துப் போய்விட்டது. உடனே இறங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டுமே!