வாலு தேறிய கதை (தேறாத பக்கங்களுடன்)

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, மிரட்டலில் பிறந்தது. மிரட்டியவளுக்கு வயது பதினாறு. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து வீட்டுப் பெண். தெரு மொத்தமும் அவளை வாலு என்றுதான் கூப்பிடும். ரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எனக்கு போன் போட்டாள்.

“பெருசு, சும்மாதானே இருக்கீங்க? என்னை வெச்சு ஒரு கதை எழுதுங்க.”

பின்னாலிருந்து அவள் அம்மா: “தாத்தான்னு சொல்லுடி.”

“சரி, தாத்தா பெருசு. அழுவாச்சியா எழுதினீங்க, பாதியில கதையை விட்டு இறங்கிப் போயிடுவேன்.”

2

முதல் தொடக்கம்: ‘ஜன்னலுக்கு வெளியே மழை. அவள் கண்களிலும்

(நிறுத்திவிட்டேன். கண்ணில் எது வந்தாலும் இறங்கிவிடுவாள்.)

இரண்டாம் தொடக்கம்: ‘மரணம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வார்டுக்குள் நுழைந்தது.’

(போனில் படித்துக் காட்டினேன். “பார்வையாளர் நேரத்துலயா வந்துச்சு? அந்த நர்ஸக்கா விடமாட்டாங்களே” என்றாள். அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: ‘தையல்காரர் கால்சட்டைப் பைக்குள் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனார்.’

இது தேறும். இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

3

நோயை அடிக்கக் கொடுத்த மருந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் சேர்த்து அடித்துவிட்டது. யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருவே முறை வைத்துக்கொண்டு கிளம்பியது. தையல்காரருக்கு மட்டும் எடை போதவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது எது நூல், எது அவர் என்று தெரியாத உடம்பு. அதனால்தான் இஸ்திரிப் பெட்டி. எடை மேடையில் ஏறினார், கால்சட்டை இறங்கியது.

“உங்க எடை கீழ கிடக்கு சார். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க” என்றாள் நர்ஸ்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அது இஸ்திரிப் பெட்டி இல்லை, பெரிய கத்திரிக்கோல். ஆனால் கத்திரிக்கோல் என்று எழுதினால் கால்சட்டையை யார் இறக்குவது?)

பேக்கரிக்காரர் அவரைத் தத்தெடுத்தார். “உன்னைத் தேத்திக் காட்டறேன் பாரு” என்று வெண்ணெய் பன்னாகத் திணித்தார். அடுத்த தடவை தையல்காரர் வெறும் பையோடு போய், மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். “தேறிட்டேன்!”

மருந்தில் வாலுவுக்கு முடி கொட்டியதும், முடி வெட்டுபவர் வீடியோவில் கத்தியைக் காட்டினார். “உனக்காகத் தெருவே மொட்டை போடப் போறோம்மா.”

“ஐயோ, வேண்டாம்ணே. பேக்கரி அண்ணன் மண்டையை அப்படிப் பாத்தா, இருக்கற பசியும் ஓடிடும்.”

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் வாலுவின் அம்மாதான். பஸ் கண்டக்டர். பகலெல்லாம் கத்திவிட்டு வருவதால், மற்ற நேரத்தில் ஒற்றைச் சொல்லுக்கு மேல் செலவழிக்கமாட்டாள். இரண்டு பக்கத்துக்கு அவளைப் புலம்பவைத்துப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒருத்தியை நம்பி எப்படிக் கதை நடத்துவது என்று

(அவள்தான் நடத்தினாள். மேலே படியுங்கள்.)

சிகிச்சை முடிந்துவிட்டது. எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நோய் போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது அம்மாவிடமிருந்து எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி: ‘தேறிட்டா.’

எலக்ட்ரீஷியன் தெரு முழுக்கச் சீரியல் பல்பு கட்டினார். ட்ரம்பெட் வாசிப்பவர் மொட்டைமாடி ஏறினார். பேக்கரிக்காரர் கட்டில் அளவுக்குக் கேக் போட்டார். (தலையணை அளவு. சரி, விடுங்கள்.) சாயங்காலம் அம்மா சீருடையோடு தெருமுனையில் இறங்கினாள்.

“என்ன இது?”

“நீதானேம்மா அனுப்பின, தேறிட்டான்னு!”

“கணக்குல.”

ட்ரம்பெட் பஞ்சரானது.

கணக்கு வாத்தியார் முகக்கவசம் போட்டுக்கொண்டு வார்டுக்கே போய்ப் பரீட்சை வைத்திருந்தார். கணக்கும் வாலுவும் கீரியும் பாம்பும். அவள் அதில் தேறியது ஆஸ்பத்திரியே சான்று எழுதித்தர வேண்டிய அதிசயம்தான். ஆனால் சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் ஏணியைச் சாய்த்து, பல்பைக் கழற்ற ஏறினார். அம்மாவின் போனில் வாலுவின் முகம் வந்தது.

“அண்ணே, கை வெச்சீங்க, தொலைச்சிடுவேன்! நான் கணக்குல தேறினதுக்கு இதுகூடக் கிடையாதா?” என்றவள், குரலை இறக்கினாள். “கழட்டிட்டு… அப்புறம் மாட்ட வேண்டிய வேலையே இல்லாமப் போயிட்டா? இருக்கட்டும்ணே.”

(இங்கே ஓர் உவமை எழுதி வைத்திருந்தேன். ஏணியில் நின்றவர் முகத்தைப் பார்த்ததும் அடித்துவிட்டேன்.)

பல்புகள் இரவும் பகலும் எரிந்தன. எப்போது கூவுவது என்று புரியாமல் பக்கத்துத் தெருச் சேவல் வேலையை விட்டே நின்றுவிட்டது.

5

முடிவுகள்.

அ) டாக்டர் ஆனந்தக் கண்ணீரோடு ஓடிவருகிறார். (டாக்டருக்கு ஓட ஏது நேரம்? அழ ஏது நேரம்?)

ஆ) அவள்

(மாட்டேன். கதாசிரியன் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டும் என்பார்கள். என் கை கேட்கவில்லை. வயதான கை, சொன்ன பேச்சு கேட்காது.)

இ) நடந்தது. அம்மாவிடமிருந்து மறுபடியும் செய்தி: ‘தேறிட்டா.’

ஒருவரும் அசையவில்லை. சூடு கண்ட பூனைகள். தெரு மொத்தமும் ஒரே கேள்வியைத் திருப்பி அனுப்பியது: ‘எதுல?’

பதில் வந்தது: ‘எல்லாத்துலயும்.’

எங்கள் கண்டக்டரம்மாவுக்கு அது ஒரு மேடைப் பேச்சு.

6

இங்கே சுபம் போட்டுவிடலாம் என்று பேனாவைத் தூக்கினேன். டாக்டர் போடக்கூடாது என்கிறார். இன்னும் சில வருஷம் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வீடு திரும்பிவிட்ட வாலுவை போனில் கூப்பிட்டு, கதை முடியமாட்டேன் என்கிறது, கீழே கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டேன்.

“அங்கயே இருங்க. நான் வர்றேன்.”

நான் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. வந்த நாளிலிருந்து வீட்டு வாசல் தாண்டி அவள் நடந்ததில்லை.

இதோ, படியில் செருப்புச் சத்தம். முதல் மாடியில் தையல்காரர் கதவு திறக்கிறது.

“கையைப் பிடிச்சுக்கட்டுமா பாப்பா?”

“இப்ப நீங்க இருக்கற சைஸுக்கு ரெண்டு பேருக்கும் சேத்துப் படி பத்தாதுண்ணே.”

சத்தம் ஏறுகிறது. நிற்கிறது. மூச்சு. யாரையோ திட்டுகிறாள், படியைத்தான் போலிருக்கிறது. மறுபடி ஒரு படி.

வாசகரே, இந்தக் கதையின் முடிவு இப்போது இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஏறிவிட்டாள் என்று எழுதினால் பொய், ஏறமாட்டாள் என்று எழுத நான் யார்? என் கையில் பேனா இருக்கிறது, கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். உதவுகிறேன் பேர்வழி என்று இறங்கி மட்டும் போகாதீர்கள். கடித்துவிடுவாள்.