பலீல் ஹாஜியார் ஆட்டிய தொட்டில்

பலீல் ஹாஜியார் மாத்தளையில் மிளகு வாங்கி விற்பவர். மிளகில் கற்ற பாடத்தை உலகத்தின் மற்ற எல்லாவற்றிலும் பூசிப் பார்ப்பார்.

"சீசன்ல கடலுக்குப் போறவன் மடையன்," என்று ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசல் முற்றத்தில் அறிவித்தார். "சரக்கு விலை விழுந்து கிடக்கிற நேரம் பார்த்துத்தான் கையைப் போடணும். நிலாவெளியில ஒரு முழு ஹோட்டலே நமக்குத்தான்!"

அந்த மாதம் கிழக்குக் கரையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் என்று யாரோ சொன்னார்கள். மழைக்குப் பயந்தவன் வியாபாரம் செய்யலாமா என்று கேட்டு ஹாஜியார் அவர்கள் வாயை அடைத்தார்.

மருமகள் ஸஜீதாவுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. யட்டவத்தயில் பிறந்த அவள் இன்றுவரை கடலில் கால் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா கிளம்பிய அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது. கல்யாணமான புதிதில் புருஷன் ஹுஸ்னி காலிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். அது நுவரெலியாவில் ஒரு சொந்தக்கார வீட்டு விருந்தோடு முடிந்தது. பிறகு அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான், ஸப்வான் பிறந்தான். இப்போது பிள்ளைக்கு ஏழு மாதம்.

"நீங்களும் வாங்க மகள். ஆனா ஒரு சொல்லு," என்றார் மாமனார். "புள்ள கத்துற சத்தம் எனக்கு ஆகாது, பிரஷர் ஏறிடும். அங்க போய்க் கத்தினானோ, பின்னேரம் அஸர் தொழுதுட்டு வேன் திரும்பும்."

தம்புள்ளை வரை ஸப்வான் பாட்டனாரின் தொப்பியைச் சப்பிக்கொண்டு சமத்தாக வந்தான். ஹபரணையில் முனகினான். கந்தளாயில் தொடங்கியவன் நிலாவெளி வரை ஓயவில்லை. ஹாஜியாரின் மனைவி ஆஸியா மாமி தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், தாலாட்டிப் பார்த்தார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு திக்ரு ஓதினார், வழக்கத்தை விடச் சத்தமாக.

'நீலமுத்து கிராண்ட்' ஹோட்டலின் நீச்சல் குளத்தில் தவளைகள் குடும்பத்தோடு தங்கியிருந்தன. வேறு விருந்தாளிகள் யாரும் இல்லை. ஆனாலும் மெனேஜர் பஸ்தியாம்பிள்ளை கோட்டும் டையுமாக, ஜனாதிபதியை வரவேற்கிறவர் போல வாசலில் நின்றார்.

"வாங்கோ சேர். சீ வியூ சுவீட் ரெடி. பேபிக்கு இம்போர்ட்டட் கட்டில் போட்டிருக்கு."

கட்டில் நல்ல கட்டில்தான். ஸப்வானுக்கு அதைத் தெரியாது, அவ்வளவுதான். வீட்டில் அவன் தூங்குவது கூரை மரத்தில் ஸ்பிரிங் மாட்டி, பழைய சாரியில் கட்டிய தொட்டிலில். அது மேலும் கீழும் துள்ளினால்தான் அவனுக்குக் கண் சொருகும். ஸ்பிரிங்கையும் சாரியையும் ஸஜீதா மறக்காமல் பையில் கொண்டுவந்திருந்தாள். பெரிய ஹோட்டல் அறையில் கூரை மரம் வெளியே தெரியாது என்பதைத்தான் அவள் நினைக்கவில்லை. மேலே பாலாடை போல வழுவழுப்பான சீலிங். ஓர் ஆணி இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, மழைக்குப் பின்னால், கடல் உறுமிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்.

"அஸருக்கு நேரமாகுது!" கதவுக்கு அந்தப் பக்கம் மாமனாரின் குரல்.

ஸஜீதா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மாமி பின்னால் வந்தார். முன்மண்டபத்தின் பெரிய சரவிளக்கைச் சீசன் இல்லையென்று கழற்றி, பொலித்தீன் சுற்றி மூலையில் வைத்திருந்தார்கள். அதைத் தாங்கிய இரும்புச் சங்கிலி மட்டும் மேலே தடித்த உத்தரத்திலிருந்து இறங்கி, நுனியில் கொளுக்கியோடு நின்றது.

ஸஜீதா பையைத் திறந்தாள். மெனேஜர் ஓடிவந்தார்.

"மேடம், மேடம்! இதில துணி கட்டேலாது. வெளிநாட்டுத் தூதுவர்மார் நிண்டு படம் எடுத்த இடம். இது கிராண்ட் ஹோட்டல்!"

ஸஜீதா அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வேனை எடுக்கச் சொல்லிக்கொண்டு வந்த மாமனாரிடம், பால் வடியும் முகத்தோடு திரும்பினாள்.

"பரவாயில்ல மாமா, போயிடுவோம். முழு ஹோட்டலும் நமக்குத்தான்னு நீங்க பள்ளிவாசல்ல சொன்னது இவருக்குத் தெரியாது போல. ஒரு கொளுக்கிகூட நமக்கு இல்லையாம். ஊர்ல கேட்டா மழைன்னு சொல்லிக்கலாம்."

"மழைன்னுதான் அவங்க அன்னைக்கே சொன்னாங்களே," என்று மாமி மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

ஹாஜியாரின் முகம் வெயிலில் காயும் மிளகு போலக் கறுத்தது.

"யாருக்கு இல்ல? ஐயா, தவளைய விட்டா இங்க எங்களைத் தவிர யார் இருக்கா? தூதுவர் வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க போய் ஏணியக் கொண்டுவாங்க!"

ஏணி வந்தது. கோட்டுக்காரரே அதைப் பிடித்துக்கொண்டார். ஹாஜியார் சங்கிலியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஸஜீதா ஸ்பிரிங்கை மாட்டினாள், சாரியை முடிந்தாள், இழுத்து ஆட்ட ஒரு கயிறு கட்டினாள், பிள்ளையைக் கிடத்தினாள். தொட்டில் துள்ளியது. அலறல் விசும்பலாகி, விசும்பல் பெருமூச்சாகி, ஸப்வான் தூங்கிப்போனான்.

"மாமா, இந்தக் கயிறக் கொஞ்சம் பிடிங்க."

"நானா?"

"விட்டா முழிச்சிடுவான். முழிச்சா கத்துவான். உங்க பிரஷர்..."

ஹாஜியார் பிடித்தார். ஒருமுறை விட்டும் பார்த்தார். தொட்டிலுக்குள்ளிருந்து 'ங்' என்று ஒரு முனகல் வரவும், பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"சேர் தொழ வேணுமெண்டா நான் ஆட்டுறன்," என்று மெனேஜர் கோட்டைக் கழற்றினார்.

"மெதுவா ஐயா, மெதுவா. ரொம்பத் துள்ளினா கக்கிடுவான்."

வேன் டிரைவர் எட்டிப்பார்த்து, "ஹாஜியார், வேன எடுக்கவா?" என்றான்.

"ஷ்ஷ்ஷ்!" என்று இரண்டு பெரிய மனிதர்களும் ஒன்றாகச் சீறினார்கள்.

ஸஜீதா அதற்குள் மணலில் இறங்கியிருந்தாள். மழை முகத்தில் அறைந்தது. மாமி சாரியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். முதல் அலை கணுக்காலைச் சுற்றி வளைத்தது.

"மாமி! குளிரும்னு நினைச்சேன், இது சுடுதே!"

"மழைதான் மகள் குளிர். கடல் சூடு." மாமி கெக்கலித்துச் சிரித்தார். "போதுமா, போவோமா?"

"போறதா?" காலடியில் மணல் நழுவ, ஸஜீதா விரல்களை ஊன்றிக்கொண்டாள். தூரத்தில் அடுத்த அலை, முதலாவதை விடப் பெரிதாக, முதுகை வளைத்து எழுந்தது. அவள் பின்வாங்கவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"வா!" என்றாள்.