தீவனக் கடை வாசலில் நின்ற கார்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கிய வெர்லா, கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள். டெல்மர் அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்து கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

“பத்து ஆச்சு டெல்மர். பத்தோட போதும். இனி நான் வரல.”

டாக்டர் சொன்னது முப்பது. வலது மார்பிலிருந்த புற்றுக்கட்டியைக் கத்தி வைத்து எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் சுட்டுப் பொசுக்க முப்பது தடவை கதிர் வைக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், நடுவில் விடக் கூடாது. கதிர் வைப்பது ஐந்து நிமிஷம். அதற்குப் போக எழுபது மைல், வர எழுபது மைல்.

“கதிருக்குப் பயப்படுறியா?”

“கதிர் என்ன பண்ணும்? படுத்தா முடிஞ்சுது. உன் வண்டிதான் என்னைக் கொல்லுது. ஒவ்வொரு பள்ளத்துலயும் பெல்ட்டு வந்து புண்ணுமேல அறையுது. டீசல் போடப் போட குடிச்சுட்டே இருக்கு. நீ வேலியும் போடாம என்னைத் தூக்கிட்டு அலையுற. எதுக்கு இது?”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது பாரம் இழுக்கவென்றே செய்த வண்டி. பின்னால் நாலு சக்கரம், அடியில் பாரம் தாங்கும் இரும்புப் பட்டை வில். இரும்புக் கால்களையும் முள்கம்பிச் சுருளையும் ஏற்றினால் பசு மாதிரி அமைதியாகப் போகும். வெறும் வண்டியாக ஓட்டினால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். போன வாரம் எட்டு மணல் மூட்டையைப் பின்னால் போட்டுப் பார்த்தான். துள்ளல் கொஞ்சம் குறைந்தது, குடி கூடிற்று. அதை விற்கவும் முடியாது. முப்பத்தோரு வருஷமாக வேலி போட்டுத்தான் சோறு. அந்த வண்டி இல்லாவிட்டால் வேலியும் இல்லை.

“திங்கக்கிழமை வரைக்கும் பொறு,” என்றான். “இன்னொரு வண்டி பாக்கறேன். சின்னதா, துள்ளாததா, குடிக்காததா.”

“துள்ளாததா, குடிக்காததா! அப்படி ஒண்ணு கிடைச்சா அதையே நான் கல்யாணம் பண்ணிருப்பேனே.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “ஒரு தடவை வரேன். திங்கக்கிழமை மட்டும். அதுலயும் இப்படித்தான்னா, இதோட விட்டுடணும். நீ மல்லுக்கட்டக் கூடாது.”

சரி என்றான். வேறென்ன சொல்வது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலைந்தான். பெட்ரோலும் பேட்டரியும் கலந்து ஓடுகிற கார் ஒன்று நகரத்துக் கடையில் பளபளவென்று நின்றது. விலையைக் கேட்டதும் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இன்னொருவன் இரண்டு கதவுக் கார் காட்டினான். மைலேஜ் பிரமாதம், ஆனால் தரையோடு தரையாக இருந்தது, உட்கார்ந்து பார்த்த டெல்மருக்கே எழுந்திருக்கக் கை தேவைப்பட்டது. மூன்றாவதாகப் பார்த்தது வேன். அது குடிப்பதில் பிக்கப்புக்குத் தம்பி. ஞாயிறு சாயங்காலம், முழங்கால் வலிக்க வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் லாயிட்டின் ஞாபகம் வந்தது. லாயிட் லாரி ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அவன் தம்பி விட்டுப் போன சின்னக் கார் ஒன்றை விற்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

“ஓடுமாடா?” என்று போனில் கேட்டான் டெல்மர்.

“ஓடாம? தீவனக் கடைகிட்ட நிக்குது. வெள்ளி கலரு. கண்ணாடியில விலைச் சீட்டு ஒட்டினேன், காத்துல பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். சாவி உள்ளதான் கிடக்கு. எடுத்துட்டுப் போய் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாரு. புடிச்சா பேசிக்கலாம்.”

திங்கள் காலை எட்டே காலுக்கு இருவரும் தீவனக் கடைக்குப் போனார்கள். சோள அறுவடை மும்முரம். எதிரே தானியம் சேமிக்கும் கோபுரத்து எடைமேடைக்கு லாரிகள் ரோடு வரை வரிசை கட்டி நின்றன. கடை வாசலில் வெள்ளி நிறக் கார் நின்றது. சாவி உள்ளேயே கிடந்தது. அந்த ஊரில் எல்லார் சாவியும் அப்படித்தான் கிடக்கும்; பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டு போகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். டெல்மரும் பிக்கப்பை அதன் பக்கத்தில் விட்டான், சாவியை விட்டான், ஞாபகமில்லாமல் போனையும் அதிலேயே விட்டான்.

காருக்குள் ஏறியதும் வெர்லா மூக்கைச் சுளித்தாள்.

“லாயிட் ஆடு வளக்குறானா?”

“அவன் ஒழுங்கா மீசையே வளக்க மாட்டான். ஏன்?”

“ஆட்டு வாடை அடிக்குது. பின் சீட்டுல பாரு, ஒரே வைக்கோல்.”

“தம்பிக்காரன் வளத்திருப்பான்,” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான். கிளம்பியதா இல்லையா என்று குனிந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் இன்னொரு விசித்திரம். எதிரே வந்த சோள லாரிக்காரர்கள் ஒருத்தர் விடாமல் ஸ்டீரிங்கிலிருந்து விரலைத் தூக்கினார்கள். தெரிந்த வண்டிக்குத்தான் அந்த விரல். டெல்மரின் முகம் தெரிந்ததும் விரல் பாதியில் நின்றது.

“லாயிட்டுக்கு இம்புட்டுச் செல்வாக்கா?” என்றாள் வெர்லா.

“எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு.”

ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது, வழக்கம்போல் அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருப்பாள் என்று திரும்பிப் பார்த்தான். அவள் கை மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிப் போயிருந்தாள். கத்தி வைத்த நாளிலிருந்து அவள் பகலில் கண்ணசந்து அவன் பார்த்ததில்லை. ரேடியோவை அணைத்தான். மிச்ச ஐம்பது மைலையும், மடியில் முட்டைக் கூடை வைத்திருக்கிறவனைப் போல ஓட்டினான்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். ஒரு நாள் ஓட்டக் கொடுத்தவனுக்கு டேங்கை நிரப்பிக் கொடுப்பதுதான் முறை. பழக்க தோஷத்தில் கை டீசல் குழாய்க்குப் போயிற்று. உள்ளிருந்து வெர்லா கண்ணாடியைத் தட்டினாள்.

“அந்தப் பச்சைப் புடியைக் கீழ வையி! அதுக்கும் விஷம் குடுக்காத!”

பெட்ரோல் குழாயைச் செருகினான். நிரம்புவதற்குள் முன்கண்ணாடியைத் துடைத்துவிடலாம் என்று தண்ணீர்த் துடைப்பானை எடுத்தான். டக்கென்று குழாய் நின்றுவிட்டது. பம்பு கெட்டுப்போய்விட்டது என்று ஒரு தட்டுத் தட்டினான். திரும்ப அழுத்தினான், திரும்பவும் டக். நாலு கேலன்கூட இல்லை. பிக்கப் என்றால் பதிமூன்று குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தவனிடம் வெர்லா, “பதினொண்ணு ஆச்சு,” என்றாள். நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டெல்மர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் போலிருந்தது.

தீவனக் கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. வாசலில் லாயிட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் பிக்கப்பைக் காணோம்.

“வாங்குறேன்டா,” என்றான் டெல்மர், இறங்குவதற்கு முன்பே. “விலையச் சொல்லு. குதிரை மாதிரி இருக்கு. இல்ல, குதிரை துள்ளும். பூனை மாதிரி இருக்கு.”

லாயிட் அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“எந்த வண்டிய வாங்குறே? அட கூறு கெட்டவனே! அது எடைமேடை நோரீன் வண்டிடா! அறுவடைக்கு அங்க இடமில்லன்னு இங்க விட்டுட்டுப் போவா. என் வண்டி அந்தா இருக்கு!”

கடையின் பக்கச் சுவரோரம், காலையிலிருந்து தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரி இப்போதுதான் விலகியிருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் இன்னொரு கார். புகைக்குழாய் கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டெல்மருக்குக் காது மடல் சுட்டது. ஒரு பெண்பிள்ளையின் வண்டியை நூற்று நாற்பது மைல் ஓட்டிவிட்டு வந்திருக்கிறான். அவன் வண்டியையும் யாரோ கொண்டு போய்விட்டார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வெர்லாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சீட்டு பெல்ட்டை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அதையும் பாத்துடலாமே,” என்றாள்.

லாயிட்டின் கார் மூன்றாவது முயற்சியில் கிளம்பிற்று. கிளம்பிய சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. கடை முற்றத்திலேயே ஒரு வட்டம் அடித்தான் டெல்மர். சரளைக் கல்லில் ஒவ்வொரு உதறலுக்கும் வெர்லாவின் முகம் ஒரு தடவை சுருங்கிற்று. அரை வட்டத்தில் அவன் கையைத் தொட்டாள். நிறுத்தினான்.

“பரவால்ல டெல்மர். நீ தேடிப் பாத்த. போதும். காலையில நல்லாத் தூங்கினேன், அதுவே எனக்குப் பெரிசு.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனை கம்பியை இழுத்துக் கட்டிய கை. ஒரு கார் பிடிக்க முடியவில்லை.

அப்போது ரோட்டிலிருந்து அவன் பிக்கப்பே திரும்பி உள்ளே வந்தது. பின்னால் காய்ந்த குதிரைமசால் வைக்கோல் கட்டுகள் இரண்டடுக்கு. அதன் மேல், கயிற்றில் கட்டியிருந்த பெரிய கிடா ஒன்று ஊரைப் பார்வையிடுகிறதுபோல நின்றது. ஓட்டி வந்தவள் நோரீன். நாற்பது வயதிருக்கும், சோளத் தூசியில் தலை நரைத்ததுபோல் இருந்தது.

டெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடினான். “நோரீன், தப்பு நடந்து போச்சும்மா. லாயிட் வண்டின்னு நெனச்சு...”

“மத்தியானம் சாப்பிட வெளிய வந்தா என் வண்டியக் காணோம்,” என்றாள் அவள், கீழே குதித்து. “பக்கத்துல உங்க வண்டி, சாவியோட. என்னுதை எடுத்தவரு இதை எனக்கு விட்டுட்டுப் போயிருக்காருன்னு எடுத்துட்டேன். உங்க போனு அடிச்சுட்டே இருந்துச்சு. யாரோ வேலி போடணும்னான். அடுத்த மாசம் வருவாருன்னு சொல்லிட்டேன், சரிதானே?”

லாயிட் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்.

“சிரிக்காதீங்க லாயிட். மூணு வாரமா இந்த இரவல் கிடாவ எப்படிக் கொண்டு வர்றதுன்னு முழிச்சுட்டிருந்தேன். என் பொட்ட ஆடுங்க பன்னெண்டும் காத்துக்கிட்டு நிக்குது. இவனைக் கார்ல ஏத்தினா அப்புறம் காரைத்தான் கொளுத்தணும். வைக்கோலும் பின் சீட்டுல ரெண்டு ரெண்டு கட்டாத்தான் கொண்டு போறேன். குளிர் வர்றதுக்குள்ள இருநூறு கட்டு சேர்க்கணும்.” பேசிக்கொண்டே தன் காரைப் பார்த்தாள். “அது சரி, இத்தனை நேரம் எங்க போயிட்டீங்க?”

டெல்மர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்தி வைத்ததிலிருந்து இந்த ஆறு வாரமும் அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஊருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் கேசரோல் சமைத்துக் கொண்டுவந்து அவன் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கே எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் பாத்திரத்தைக் கழுவி, ஆளில்லாத நேரம் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு வந்தான்.

வெர்லாதான் சொன்னாள், லாயிட்டின் காருக்குள்ளிருந்தே. “ஆஸ்பத்திரிக்கும்மா. கதிர் வைக்க. போறப்ப உன் கார்ல நல்லாத் தூங்கிட்டேன். வாயில எச்சில்கூட வடிஞ்சிருக்கும், சீட்டைத் தொடச்சுக்க.”

நோரீன் லாயிட்டின் காரருகே வந்தாள். கிடா ஒரு தடவை கத்திற்று.

“இன்னும் எத்தனை?”

“பத்தொம்போது இருக்கு. ஆனா நான்...”

“என் வண்டி எட்டு மணிக்கு இங்க வந்தா, நான் நாலு மணிக்கு எடுக்கற வரைக்கும் வெயில்ல காயுது. கோழிதான் அதுமேல ஏறி உக்காருது. நீங்க எடுத்துட்டுப் போங்க.”

“ஓசியில வேண்டாம்மா,” என்றாள் வெர்லா. குரல் நிமிர்ந்துவிட்டது. அவள் அப்படித்தான்.

“யாரு ஓசின்னா? உங்க வீட்டு வண்டிய நான் எடுத்துக்கறேன். சாப்பாட்டு நேரத்துல ஒரு நடை வைக்கோல். இந்த நாத்தம் புடிச்சவனைத் திருப்பி விடணும், அதுக்கு ஒரு நடை. எனக்குத்தான் லாபம். பிக்கப் வாங்க எனக்கு வக்கில்ல, உங்களுக்கு கார் வாங்க வக்கில்ல. ரெண்டு வண்டியும் ஒரே வாசல்ல நிக்குது. அப்புறம் எதுக்கு ஆளுக்கொண்ணு?”

“துள்ளும் அது,” என்றாள் வெர்லா.

“கிடா ஏறினா துள்ளல. அவனுக்குப் புடிச்சிருக்கு, பாருங்க.”

வெர்லா கிடாவைப் பார்த்தாள். கிடா வெர்லாவைப் பார்த்தது. அவள் முகத்தில் ஏதோ இளகிற்று.

எடைமேடையில் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. நோரீன் பிக்கப் சாவியை அதன் இருக்கையிலேயே போட்டாள். “ஆட்டை இப்போதைக்கு லாயிட் புடிச்சுக்கட்டும், நாலு மணிக்கு வரேன்,” என்று ஓடினாள். லாயிட்டின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் டெல்மர் வெர்லாவோடு வந்துவிட்டான். கார் அதே வாசலில் நின்றது. பின் சீட்டைப் பெருக்கி, முன் சீட்டில் ஒரு பழைய ஒட்டுப்போர்வையை மடித்து விரித்திருந்தாள் நோரீன். பெல்ட்டில், புண் படுகிற இடத்தில், ஆட்டுக்குட்டித் தோலில் ஒரு துண்டு சுற்றித் தைத்திருந்தது, உரோமம் உடம்பில் படும்படியாக. ராத்திரி உட்கார்ந்து தைத்திருக்க வேண்டும்.

டெல்மர் அதை விரலால் தடவிப் பார்த்தான். சாலையைத் தாண்டி எடைமேடைக்குப் போனான். கண்ணாடி ஜன்னலுக்குள் நோரீன் ஒரு லாரிக்காரனுக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“நோரீன்... அந்த பெல்ட்டு... நான் என்ன சொல்லுறதுன்னா...”

பின்னால் நின்ற லாரிக்காரன் தலையை நீட்டினான். “யோவ், உன்னையும் எடை போடணுமா? நகரு!”

நோரீன் சிரித்தாள். டெல்மர் நகரவில்லை, மறுபடி ஆரம்பித்தான். “உனக்கு நான்...”

சாலைக்கு அந்தப் பக்கம் கார் ஹாரன் அடித்தது. மூன்று தடவை, நீட்டி. வெர்லா பெல்ட்டை மாட்டிக்கொண்டு, டிரைவர் பக்கம் எட்டிக் கையை ஹாரனில் வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்:

“டெல்மர்! நன்றிய வர்றப்ப சொல்லிக்கலாம். எனக்கு நேரமாச்சு, வா!”