போனா போவட்டும்

வலது முட்டிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி, பெடல் மேலே வரும்போது ஒரு கடக், கீழே போகும்போது ஒரு கடக், இன்னும் படாளம் கூட்ரோடுகூடத் தாண்டவில்லை, அதற்குள் இந்தப் பாடு, திருவிடந்தை போய்ச் சேர ஐம்பது கிலோமீட்டர் மிதித்தாக வேண்டும், வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான் ஜம்புலிங்கம். முப்பது வருஷம் அரிசி மில்லில் மூட்டை சுமந்த கால், இதற்கெல்லாமா நின்றுவிடும்... கிளம்பும்போதே பொண்டாட்டி வரலட்சுமி வாசலில் வந்து கத்தினாள், "கருமாதிக்குப் போற மனுசன் பஸ்ல போவாம இன்னாத்துக்கு இந்த ஓட்ட சைக்கிளு? அம்பத்தஞ்சு வயசுல ரேஸ் வுடப் போறியா?" கேரியரில் மஞ்சள் பையை வைத்துப் பழைய ட்யூபால் இழுத்துக் கட்டினான். பைக்குள் கோடிப் புடவை, கிளிப்பச்சையில் அரக்குக் கரை. தங்கை சாந்தா செத்துப் பதினாறாம் நாள் இன்று. பிணத்தின்மேல் போர்த்த வேண்டிய பிறந்த வீட்டுக் கோடியைப் பதினாறாம் நாள் தூக்கிக்கொண்டு போகிற அண்ணன் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான், எல்லாம் அந்தத் திருவேங்கடத்தால், அந்த நாயால்...

அவள் செத்த அன்று காலையில் பத்து மணி இருக்கும் ஃபோன் வந்தபோது. தங்கை புருஷன் திருவேங்கடம்தான், எடுத்ததும், "மச்சான், சாந்தா போயிட்டா." அவ்வளவுதான் சொன்னான், அதற்குமேல் ஒரு எழுத்து சொல்லவில்லை. இவனும் வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, "போனா போவட்டும் வுடு மச்சான்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது... கேட்டதா, இல்லை இப்போது நினைக்கும்போது கேட்கிறதா? பொண்டாட்டி செத்த சேதியை ஒரு ஆம்பளை இப்படியா சொல்லுவான், பங்காளி எவனையாவது வண்டியில் அனுப்பிச் சாவு சொல்லிவிட்டு வா என்று விட வேண்டாமா, ஆள் கிடைக்கவில்லையா, சரி, ‘செத்துட்டா’ என்கிற ஒரு வார்த்தையுமா கிடைக்கவில்லை? அவள் போவது புதுசா என்ன. பெல்டால் அடித்தால் போவாள், தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினால் போவாள், பஸ் ஏறி நேராகக் கருங்குழிக்குத்தான் வருவாள், ஏழு தடவை வந்தாள், ஏழா எட்டா, ஒவ்வொரு தடவையும் இதே ஃபோன், இதே குரல், இதே மூன்று வார்த்தை, மச்சான், சாந்தா போயிட்டா. இந்தத் தடவை வேற போறது என்று இவனுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள், எப்படித் தெரியும்? ரெண்டு நாளாக அவள் வந்து சேராதபோதுகூட, வேறு யார் வீட்டுக்காவது போயிருப்பாள் என்றுதான் இருந்துவிட்டான். மூன்றாம் நாள் மில்லில் கூட மூட்டை தூக்கிய எல்லப்பன் ரோட்டில் நிறுத்தி, "இன்னாண்ணாத்த, கூடப்பொறந்தவ சாவுக்குக்கூடப் போவலியாமே, அப்டி இன்னா கோவம்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் பால் தெளித்தே முடித்துவிட்டார்கள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். பொழுது சாயும்வரை கோடிக்காகப் பிணத்தை வைத்திருந்தார்களாம். ‘போனா போவட்டும்னுட்டான் அண்ணங்காரன்’ என்று திருவேங்கடம் தெருவுக்கே சொல்லி அழுதானாம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பரிமளா தன் பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்து வந்து போர்த்தினாளாம்... அழுதானாம், அவன், அழுதானாம்!

பாலாற்றுப் பாலத்தில் காற்று எதிரே அடித்தது. கீழே தண்ணீர் கொஞ்சம், நாணல் கொஞ்சம், மீதி லாரிக்காரர்கள் தோண்டிப் போட்ட பள்ளம். திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு மாமல்லபுரம் ரோட்டில் திரும்பியபோது பின்னாலிருந்து விர்ரென்று ஆறேழு சைக்கிள், தலையில் ஹெல்மெட், தொடையை இறுக்கிப் பிடிக்கிற டவுசர், கேளம்பாக்கத்து ஃப்ளாட்டுக்காரர்களாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளம்பிவிடுகிறார்கள். ஒருத்தன் மட்டும் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தான். "அங்கிள், லாங் ரைடா? எங்கேருந்து?" "கருங்குழி." "வாவ்! இந்த வண்டியிலயா! ஸ்லோவா என்ஜாய் பண்ணிப் போறீங்க, அதான் அங்கிள் கரெக்ட், நாங்கதான் சும்மா பறக்கறோம்." கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். என்ஜாய்... மூதேவி, எட்டி ஒரு உதை விட்டிருக்க வேண்டும், முட்டி ஒத்துழைத்திருந்தால் விட்டிருப்பான். எழுபத்தைந்து கிலோவை முதுகில் ஏற்றி ஒரு நாள் நடந்து பார்டா, அப்புறம் தெரியும் கால் எதற்கு இருக்கிறது என்று. ஆனால் அவன் சொன்னது எங்கேயோ போய் உரசியது. ஸ்லோவா. மெதுவா. இந்த வார்த்தையை இந்த ரோட்டில் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள், இதே கேரியரிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து...

மெதுவா மிதிண்ணா. சாந்தாதான். ஓடி வந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் வைத்துச் சோறு போட்டு, மூன்றாம் நாள் புத்தி சொல்லிக் கொண்டுபோய் விட்டது இவன்தான், இதே சைக்கிளில்தான். வருவது பஸ்ஸில், போவது சைக்கிளில், அது அவள் வைத்த சட்டம். "பஸ் வேணாண்ணா, மூஞ்சி வீங்கிக் கீது, ஊரே பாக்கும், சைக்கிள்லயே போலாம்." சரி, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தான். மிதிப்பான். அவள் பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே வருவாள், இவன் வாய்க்கும் கையை நீட்டி இரண்டு போடுவாள், அடி வாங்கியவள் மாதிரியே இருக்காது, "தோ பாருண்ணா கொக்கு", "தோ பாருண்ணா அந்த வூட்டுக்கு ரோஸ் பெயிண்ட் அடிச்சிக்கிறான், கல்யாண வூடு மாரி", டீக்கடை கண்டால் நிறுத்து, நுங்கு கண்டால் நிறுத்து, மரத்தடி கண்டால் நிறுத்து. இவனுக்கு எரிச்சலாக வரும். "பொழுதோட போவ வாணாமா? உன் வூட்டுக்காரன் என்னைத்தான் பேசுவான்." "பேசிட்டுப் போறான். மெதுவா மிதிண்ணா." பஸ்ஸில் ஏறியிருந்தால் ரெண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிற வீடு. சைக்கிளில் முழுசாக ஒரு பகல்... ஒரு பகல்.

பெடலை விட்டுவிட்டான். வண்டி தானாக உருண்டது. வெட்கமாவது மண்ணாவது, அவள் அந்த ஒரு பகலுக்காகத்தானே... ஏழு தடவை, ஏழு பகல். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவளை யாரும் அடிக்காத, வேலை சொல்லாத, கொக்கைக் காட்டிச் சிரித்த பகல் ஏழு. அதிலும் பாதி நேரம் இவன் உர்ரென்று மிதித்திருக்கிறான். இப்போது யாரைத் திட்டுவது? கருங்குழியிலிருந்து ஒவ்வொரு மைலுக்கும் ஒரு வசவு சேர்த்து வைத்திருந்தான், பதினாறாம் நாள் பந்தி என்றும் பார்க்காமல் திருவேங்கடத்தின் சட்டையைப் பிடித்து, ‘போயிட்டா’ன்னா இன்னாடா அர்த்தம், சொல்றா, இன்னாடா அர்த்தம் என்று நாலு பேர் முன்னால் கேட்பதற்கு. கேட்பான், விட மாட்டான். ஆனால் அவன் திருப்பிக் கேட்டால்? போனா போவட்டும்னியே மச்சான், அதுக்கு இன்னா அர்த்தம்? உயிரோடு வீட்டை விட்டுப் போயிருந்தாலும் போகட்டும் என்றுதானே சொன்னாய், அது மட்டும் சரியா? அடித்தவன் அவன். அடிக்கிற இடத்துக்கு ஏழு தடவை கொண்டுபோய் இறக்கியவன்...

கடற்கரை ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. பட்டிப்புலம், நெம்மேலி, உப்புக்காற்றில் செயின் கறகறவென்றது. திருவிடந்தைக்கு முன்னால் அந்தச் சவுக்குத் தோப்பு வந்ததும் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் இறங்குவாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள், கடலைத் தோலை மடியிலிருந்து உதறுவாள், அந்த முகமே மாறிவிடும். கடைசித் தடவை, போன தைக்கு முந்தின தையில், துடைத்துவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஒரே ஒரு வாட்டி வண்டிய அப்டியே திருப்புண்ணா." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று... இல்லை, விளையாட்டு இல்லை என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் சிரித்தான். "அடுத்த வாட்டி கண்டிப்பா திருப்பறேன் வா."

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. திருவேங்கடம். எடுத்துக் காதில் வைத்தான். "மச்சான், எங்க கீற? படையல் போடாம உனக்காவத்தான் காத்துகினு கீறோம்." அழுத தொண்டை மாதிரிதான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. "வந்துகினு கீறேன்" என்றான். வைத்த பிறகும் காலை ஊன்றியபடியே நின்றான். முட்டி விண்விண் என்று தெறித்தது. கேரியரில் பை அசையாமல் இருந்தது. முன்சக்கரம் ஊரைப் பார்த்து நின்றது. புடவையை இன்று கொடுத்துவிடலாம், படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வண்டியைத் திருப்புகிறேன் என்று சாந்தாவிடம் சொன்னது மட்டும் பாக்கி.